இசைக் கேள்வி நேரம்: வடக்கே ஒரு வருடம், 2015

போன இதழில் ஒரு வாசகர், "ஸ்காண்டிநேவிய இசையில் ஒரே ஒரு வருடத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். "2015" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஏன், எதற்கு என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அந்த ஒரு வருடம்தான். பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்தே பேசுகிறேன். புவியியல்காரர்கள் சுவீடன், நார்வே, டென்மார்க் மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியுஸை வாசலில் நிறுத்திவிட்டு 2015ஐப் பேச எனக்கு மனம் வராது.

கே: 1974ஐ எப்படி விட்டீர்கள்? சுவீடனின் 'அப்பா' (ABBA) பாப் குழுவை மறந்துவிட்டீர்களா? (வாசகர், திருச்சி)

ப: மறப்பேனா! 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி அப்பா குழு ஜெயித்தது. சுவீடனுக்கு அதுதான் முதல் வெற்றி. அதே ஏப்ரலில் ப்யோர்ன் ஷிஃப்ஸும் அவருடைய குழுவும் பாடிய 'ஹுக்ட் ஆன் எ ஃபீலிங்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. சுவீடனிலிருந்து போன ஒரு பாட்டு அங்கே உச்சியைத் தொட்டதும் அதுவே முதல் தடவை. பெரிய வருடம்தான்.

ஆனால் அது பாப் இசைக்கு மட்டும் பெரிய வருடம். 2015 அப்படியில்லை. டென்மார்க்கின் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் பிறந்தது 1865 ஜூன் 9. பின்லாந்தின் ஜான் சிபேலியுஸ் பிறந்தது அதே 1865, டிசம்பர் 8. இரண்டு பேருக்கும் 150 ஆண்டு நிறைந்ததால் ஹெல்சிங்கியிலிருந்து லண்டன் வரை எல்லா மேடையிலும் அவர்கள் இசைதான். அதே பன்னிரண்டு மாதங்களில், நீங்கள் சென்னையில் ஷேர் ஆட்டோவில் கேட்டிருக்கக்கூடிய ஆங்கிலப் பாட்டுகளில் பல ஸ்டாக்ஹோமில் எழுதப்பட்டவை. இந்த இரண்டும் தற்செயலாக ஒரே வருடத்தில் வந்து விழுந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்; ஊரே சேர்ந்து இசை கற்பித்து, சேர்ந்து பாடும் கிணறு. கீழே வரும் பதில்களில் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கே: சிபேலியுஸை ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. எதில் தொடங்கலாம்? (வாசகி, கும்பகோணம்)

ப: ஐந்தாவது சிம்பொனியில் தொடங்குங்கள். மொத்தமே அரை மணி நேரம்தான். அதுவும் முதலில் மூன்றாவது பகுதியை மட்டும் கேளுங்கள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பகுதிக்கு ஒரு கதை உண்டு, கட்டுக்கதை இல்லை, அவருடைய நாட்குறிப்பில் இருப்பது. 1915 ஏப்ரல் 21. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அவருடைய பதிப்பாளர் ஜெர்மனியில் இருக்கிறார். பின்லாந்தோ ஜெர்மனியோடு போரிட்ட ரஷ்யப் பேரரசின் கீழ். வரவேண்டிய பணம் வரவில்லை. வீட்டுச் செலவுக்காகச் சின்னச் சின்னப் பியானோத் துணுக்குகள் எழுதி விற்றுக்கொண்டிருந்தார். அன்று காலை பத்து ஐம்பதுக்கு, யார்வென்பா பக்கம் இருந்த தன் வீட்டருகே 16 அன்னங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுப் பறந்து போவதைப் பார்க்கிறார். தன் வாழ்வின் மிகப் பெரிய அனுபவங்களில் ஒன்று என்று எழுதி வைக்கிறார்.

இப்போது பாட்டுக்கு வருவோம். தொடக்கத்தில் தந்திக் கருவிகள் எல்லாம் தடதடவென்று ஓடும். அதில் மனதைச் செலுத்த வேண்டாம், காத்திருங்கள். ஒரு நிமிடம் கடந்ததும் ஹார்ன்கள் நுழையும். இரண்டிரண்டு சுரமாக, மேலே கீழே, மேலே கீழே என்று ஊஞ்சல் போல ஆடும். இதுதான் அந்த அன்னங்கள். இதற்கு மேலே மரக் குழல்களும் செல்லோக்களும் வேறொரு நீண்ட மெட்டைப் பாடுகின்றன. அதையும் தாண்டி, அடியில் டபுள் பேஸ் என்ன வாசிக்கிறது என்று கவனியுங்கள். ஹார்ன் வாசிக்கும் அதே மெட்டை, மூன்று மடங்கு மெதுவாக! நம் ஊரில் சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு மூன்று காலம் புதிதில்லை. மூன்று காலமும் ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள், சட்டென்று திறந்துகொள்ளும்.

கடைசியில் ஆறு அடி. முழு ஆர்கெஸ்ட்ராவும் பல சுரங்களைச் சேர்த்த ஒரு கார்டை (chord) அறைந்துவிட்டு நிற்கும். அமைதி. அடுத்த அடி. மறுபடி அமைதி. இப்படி ஆறு முறை. நேரில் கேட்டபோது மூன்றாவது அடிக்குப் பின்னால் எனக்கு அடுத்த இருக்கைக்காரர் முடிந்துவிட்டது என்று கைதட்டிவிட்டார். அவர்மேல் கோபமே வரவில்லை; அந்த மௌனம் அவ்வளவு நீளம். 1915 டிசம்பர் 8 அன்று, தன் ஐம்பதாவது பிறந்தநாளில், சிபேலியுஸ் இதை ஹெல்சிங்கியில் முதன்முதலாக நடத்தியபோது அந்த இடைவெளிகள் வெறுமையாக விடப்படவில்லை. தந்திக் கருவிகளின் அதிர்வு அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. 1916இல் ஒருமுறை திருத்தினார். 1919இல் மீண்டும் திருத்தினார். நான்கு பகுதிகளாக இருந்தது மூன்றாயிற்று. அடிகளுக்கு நடுவே இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டார். பழைய வடிவத்தையும் ஓஸ்மோ வான்ஸ்கா லாஹ்தி சிம்பொனிக் குழுவோடு பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சேர்ப்பதைவிட நீக்குவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று தெரியும்.

ஆக 2015 டிசம்பரில் சிபேலியுஸுக்கு 150, ஐந்தாவது சிம்பொனிக்கு 100. பின்லாந்தில் டிசம்பர் 8 கொடி ஏற்றும் நாள், பின்லாந்து இசைக்கான நாள். இசையமைப்பாளர் பிறந்தநாளுக்குத் தேசியக் கொடி ஏற்றும் நாடு எனக்குப் பிடிக்கிறது, அதை மறைப்பானேன்!

கே: எட்டாவது சிம்பொனியை அவரே எரித்துவிட்டார் என்கிறார்களே? (வாசகர், கொழும்பு)

ப: ஆமாம். 1926இல் 'தாப்பியோலா' என்ற ஆர்கெஸ்ட்ராப் படைப்பு வந்தது. அதன் பிறகு பெரிதாக எதுவும் வெளிவரவில்லை. 1957 செப்டம்பரில் 91 வயதில் காலமானார். நடுவில் முப்பது வருடம்! 1940களில் ஒரு நாள் கூடை நிறையக் கையெழுத்துப் படிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறைக் கணப்பில் போட்டு எரித்ததை மனைவி ஐனோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். எட்டாவது சிம்பொனி அதில் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எரியாமல் தப்பிய சில தாள்களை 2011இல் ஹெல்சிங்கி ஃபில்ஹார்மோனிக் வாசித்துக் காட்டியது. மொத்தம் சுமார் மூன்று நிமிடம்.

கே: நீல்சன் என்ற பெயரையே உங்கள் பத்தியில்தான் பார்க்கிறேன். யார் அவர்? (வாசகி, மதுரை)

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 2015இல் உலகம் சிபேலியுஸுக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூட நீல்சனுக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

டென்மார்க்கின் ஃப்யூன் தீவில், ஓடென்சே நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாவது. அப்பா வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். கல்யாணம், திருவிழா என்றால் வயலினும் கார்னெட்டும் வாசிக்கப் போவார். பையனும் கூடவே போவான். பதினான்கு வயதில் ஓடென்சேவில் ராணுவ பேண்டில் சேர்ந்து பியூகிளும் ஆல்ட்டோ டிராம்போனும் ஊதினான். ஊர்க்காரர்கள் கைகொடுக்க, கோபன்ஹேகன் இசைக் கல்லூரி. பிறகு ராயல் தியேட்டர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் பல வருடம் உட்கார்ந்து வாசித்தார். பின்வரிசையில் உட்கார்ந்தவர் என்பது அவர் இசையில் தெரியும். எந்தக் கருவிக்காரரையும் சும்மா உட்கார வைக்க மாட்டார்.

1916இல் வந்த நான்காவது சிம்பொனியைக் கேளுங்கள். கடைசிப் பகுதியில் மேடையின் இரண்டு ஓரத்திலும் எதிரெதிராக, டிம்பனி என்ற பெரிய முரசு வாசிக்கும் இரண்டு பேர். இங்கிருந்து ஒருவர் அடிக்க, அங்கிருந்து மற்றவர் திருப்பி அடிக்க, நடுவில் ஆர்கெஸ்ட்ரா தன் பாட்டைக் காப்பாற்றிக்கொண்டு போக வேண்டும். சத்தம் குறைத்து வாசிக்கும் இடத்திலும் அந்த மிரட்டல் குறையக் கூடாது என்று தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார். 1922இல் வந்த ஐந்தாவது சிம்பொனி இன்னும் ஒரு படி மேலே. அதில் ஒரு ஸ்நேர் டிரம் வாசிப்பவருக்கு அவர் கொடுத்த வேலை, ஆர்கெஸ்ட்ராவை எப்படியாவது முன்னே போகவிடாமல் நிறுத்துவது! அந்த இடத்தில் சுரக்குறிப்பு கிடையாது, வாசிப்பவரே கற்பனை செய்துகொள்ள வேண்டும். 1924இல் ஸ்டாக்ஹோமில் இதை வாசித்தபோது கேட்க வந்தவர்களில் பலர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

இவ்வளவு முரட்டுத்தனமாக எழுதியவர்தான் டென்மார்க்கில் பள்ளிக் குழந்தை முதல் பாட்டி வரை பாடுகிற எளிய பாட்டுகளுக்கும் மெட்டுப் போட்டார். 1915இல் தொடங்கி தோமாஸ் லௌப் என்பவரோடு சேர்ந்து, ஊர் மக்கள் சேர்ந்து பாடுவதற்கென்றே பாட்டுத் தொகுதிகள் வெளியிட்டார். அதற்கும் முன்னால், 1907இல், சாலைக்குக் கல் உடைக்கும் யென்ஸ் என்ற கிழவரைப் பற்றிய ஒரு கவிதைக்கு மெட்டமைத்தார். வாழ்நாளெல்லாம் பிறருக்காகக் கல் உடைத்தவருடைய கல்லறையில் ஒரு கல் கிடையாது, பழைய பலகை ஒன்றுதான் என்று முடியும் பாட்டு. ஒரு பிறந்தநாள் விருந்தில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் புத்தகமே பார்க்காமல் இதை முழுசாகப் பாடினார்கள். மேசையில் ஒரு மின்வேலைக்காரர், ஒரு பல் மருத்துவர், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள். பாடகர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் இல்லை.

சுவீடனில் நான் இருக்கும் கோத்தன்பர்க் நகரத்துக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. இங்குள்ள சிம்பொனிக் குழுவை 1907 முதல் 1922 வரை நடத்தியவர் வில்ஹெல்ம் ஸ்டென்ஹம்மார். சிபேலியுஸ், நீல்சன் இருவரையும் அழைத்து வந்து அவர்கள் இசையை அவர்களையே நடத்தச் சொன்னார். சிபேலியுஸ் தன் ஆறாவது சிம்பொனியை ஸ்டென்ஹம்மாருக்குத்தான் சமர்ப்பித்தார்.

கே: அக்கா, எனக்குச் சிம்பொனி எல்லாம் தெரியாது. ஆனால் பிரிட்னி முதல் வீக்எண்ட் வரை எல்லாப் பாட்டுக்கும் பின்னால் ஒரே சுவீடிஷ்காரர் பெயர் இருக்கிறதே, எப்படி? (கல்லூரி மாணவர், கோவை)

ப: மாக்ஸ் மார்ட்டினைச் சொல்கிறாய், தம்பி. 2015 அவருக்கும் நல்ல வருடம். பிப்ரவரியில் அந்த ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் என்று கிராமி விருது. ஜூனில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'பேட் பிளட்', ஆகஸ்டில் தி வீக்எண்டின் 'கான்ட் ஃபீல் மை ஃபேஸ்' இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். இரண்டிலும் அவர் கை இருக்கிறது.

அவர் எப்படி வந்தார் என்று பார். சிறுவயதில் ஊர் நகராட்சி இசைப் பள்ளியில் பிரெஞ்சு ஹார்ன் கற்றவர். சிபேலியுஸின் அன்னங்களைப் பாடுகிற அதே ஹார்ன்! பிறகு ஒரு ஹெவி மெட்டல் குழுவில் பாடகர். அங்கிருந்து டெனிஸ் பாப் என்ற தயாரிப்பாளர் ஸ்டாக்ஹோமில் இருந்த தன் ஷெய்ரான் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். டெனிஸ் 1998இல் 35 வயதிலேயே இறந்துபோனார். 2000இல் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. ஆனால் அங்கே கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களும்தான் இன்றுவரை உலகப் பாப் பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தன் வளர்ச்சிக்குக் காரணம் அரசு நடத்திய அந்த இசைப் பள்ளிதான் என்று மாக்ஸ் மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

இந்த நகராட்சி இசைப் பள்ளிகள் 1940களிலிருந்து சுவீடன் முழுக்கப் பரவின. இன்று கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் உண்டு. கட்டணம் குறைவு, சில ஊர்களில் அறவே கிடையாது. கருவியைக் கடனாகத் தருவார்கள். என் மகள் கார்னெட் கற்கச் சேர்ந்தபோது கொடுத்த பெட்டியைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் வரிசையாக டேப் ஒட்டி, அதற்கு முன் அந்தக் கருவியை வாங்கிப் போன பிள்ளைகளின் பெயர்கள் எழுதியிருந்தன. மேலே இருந்த பெயர்களின் மை பழுப்பாகிவிட்டது. வாய் வைத்து ஊதும் பகுதியை மட்டும் புதிதாகக் கொடுத்தார்கள்.

அடுத்து, பதினைந்து வயதில் நாலு பையன்கள் சேர்ந்து குழு ஆரம்பிக்கிறார்கள் என்று வை. பயிற்சிக்கு இடம்? இங்கே பொதுமக்கள் கல்விக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. தொழிலாளர் இயக்கம் தொடங்கிய சங்கம் 1912லிருந்து இருக்கிறது. அங்கே படிப்பு வட்டம் என்று பெயர் பதிந்தால் போதும். அறை, ஆம்ப்ளிஃபையர், டிரம் செட் கிடைக்கும். எந்தப் பாட்டு வாசிக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோத்தன்பர்க்கின் மெட்டல் குழுக்கள் 1990களில் உலகம் முழுக்கப் பேர் வாங்கின. ஐந்து பேர் ஆம்ப்ளிஃபையரோடு சத்தம் போட ஓர் இடம் கிடைக்காமல் அந்த இசை பிறந்திருக்காது.

குறையும் சொல்லிவிடுகிறேன். பியானோ, கிட்டார் வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். படித்த வீட்டுப் பெற்றோர்தான் முன்கூட்டியே பெயர் பதிகிறார்கள். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்கு இப்படி ஒரு பள்ளி இருப்பதே தெரிவதில்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான். இதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த தலைமுறை மாக்ஸ் மார்ட்டின் எங்கேயோ ஓர் அடுக்குமாடியில் ஹார்ன் பார்க்காமலே வளர்ந்துவிடுவான்.

கே: 'லீன் ஆன்' பாட்டு வீடியோவை இந்தியாவில் எடுத்தார்களே, அது ஸ்காண்டிநேவியக் கணக்கில் வருமா? (வாசகி, சேலம்)

ப: பாதி வரும். குழு அமெரிக்கா, கூடச் சேர்ந்த டிஜே பிரான்ஸ், ஆனால் பாடிய குரலும் எழுதிய கைகளில் ஒன்றும் டென்மார்க்கின் மோ என்ற பாடகியுடையவை. 2015 மார்ச்சில் வந்து, நவம்பருக்குள் ஸ்பாட்டிஃபையில் அதுவரை யாரும் கேட்டிராத அளவு கேட்கப்பட்ட பாட்டு ஆயிற்று. ஸ்பாட்டிஃபையும் ஸ்டாக்ஹோமில் பிறந்ததுதான். வீடியோவில் காட்டும் இந்தியா அரண்மனையும் அலங்காரமுமாக இருக்கிறது. எனக்கு அதில் ஒட்டவில்லை. குரல் வேறு விஷயம். மூச்சுத் திணறுவது போல ஆரம்பித்து மேலே போகும்போது கொஞ்சம் கரகரக்கும், அதைச் சீர்செய்யாமல் விட்டது நல்ல முடிவு.

மோ பிறந்து வளர்ந்தது எங்கே தெரியுமா? ஃப்யூன் தீவில், ஓடென்சே பக்கம். நீல்சனின் ஊர்ப்பக்கம்.

கே: யூரோவிஷன் வெறும் கண்காட்சி. அதைப் போய் இசை என்கிறீர்களே? (வாசகர், சென்னை)

ப: கண்காட்சியும் உண்டு, இசையும் உண்டு. மே 23 அன்று வியன்னாவில் மோன்ஸ் செல்மெர்லேவ் 365 புள்ளியோடு சுவீடனுக்கு ஆறாவது வெற்றியைக் கொண்டுவந்தார். திரையில் வரைந்த ஒரு குட்டி மனிதனோடு அவர் விளையாடியதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கும். இரண்டாவதாக வந்த ரஷ்யப் பாட்டை எழுதியவர்களிலும் சுவீடிஷ்காரர்கள் இருந்தார்கள்.

என் நெஞ்சில் நிற்பது ஜெயித்த பாட்டு அல்ல. பின்லாந்து அனுப்பிய பங்க் குழு, பெர்ட்டி குரிக்கன் நிமிபைவாட். நான்கு பேர், நடுவயது ஆண்கள், டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும் உள்ளவர்கள். 2009இல் ஹெல்சிங்கியில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பயிலகத்தில் சந்தித்துச் சேர்ந்தவர்கள். பாட்டு ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. யூரோவிஷன் வரலாற்றிலேயே மிகச் சின்னப் பாட்டு. நான் எப்போதும் வீட்டைப் பெருக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும், கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போகும். தன் வாழ்க்கையின் எல்லா முடிவையும் வேறு யாரோ எடுக்கிற ஒருவனின் கோபம். அதில் பரிதாபத்துக்கு இடமே இல்லை. பின்லாந்து மக்கள் இரக்கப்பட்டு ஓட்டுப் போட்டார்கள் என்று அப்போது எழுதியவர்கள் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். அரையிறுதியோடு வெளியேறினார்கள். 2016 கடைசியில் குழுவும் கலைந்தது. ஒரு வயலின் கச்சேரிக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு அந்த ஒன்றரை நிமிடத்தையும் கேளுங்கள்.

கே: நார்வே எங்கே? க்ரீகுக்குப் பிறகு யாருமே இல்லையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: இருக்கிறார்கள். நார்வேயின் பழைய இசையமைப்பாளர் க்ரீகின் பெர்கன் நகரத்தில் வளர்ந்த டிஜே கீகோ 2015 முழுக்க உலகை ஆட்டிவைத்தார். அதுவரை யாரும் எட்டாத வேகத்தில் ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி முறை கேட்கப்பட்டவர் அவர். நல்ல பியானோக் கை, ஆனால் இரண்டு பாட்டு கேட்டால் மூன்றாவது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். 2010இல் பிரிந்த ஆ-ஹா குழு மறுபடி சேர்ந்து செப்டம்பரில் புது ஆல்பம் போட்டது. அந்த வருட நார்வேயில் எனக்குப் பெரிது பியானோக் கலைஞர் லைஃப் ஓவ ஆண்ட்ஸ்னெஸ். மாலர் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு பீத்தோவனின் ஐந்து பியானோ கான்செர்ட்டோக்களையும் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பவை) ஊர் ஊராக எடுத்துப் போய், தானே வாசித்துத் தானே நடத்தி, அந்தப் பல வருடப் பயணத்தை 2015இல் முடித்தார். நான்காவது கான்செர்ட்டோவின் முதல் ஐந்து தாள அளவுகளைப் பியானோ தனியாக வாசிக்கும். அதை அவர் வாசிப்பில் கேளுங்கள், விரலுக்கு எடையே இல்லையோ என்று தோன்றும்.

கே: கணினியில் பாட்டுப் போட்ட சுவீடிஷ் டிஜே ஆவிசியை நீங்கள் இசையமைப்பாளர் என்று ஒத்துக்கொள்வீர்களா? (வாசகர், பெங்களூரு)

ப: மெட்டுப் போடத் தெரிந்தவர் இசையமைப்பாளர். அவருக்குத் தெரிந்திருந்தது. 2015 அக்டோபரில் இரண்டாவது ஆல்பம் வெளியிட்டார். அடுத்த வருடமே மேடை போதும் என்று நிறுத்திக்கொண்டார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. அந்த வாரம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு தேவாலயக் கோபுரத்து மணிகளில் அவருடைய பாட்டுகளை வாசித்தார்கள். மணியில் வாசித்தாலும் நிற்கிற மெட்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கே: உங்கள் 2015இல் பெண்கள் எங்கே? மோ ஒருவரைத் தவிர எல்லாம் ஆண்கள்தானே? (வாசகி, புதுச்சேரி)

ப: சரியான கேள்வி. ஐஸ்லாந்தின் ப்யோர்க் ஜனவரியில் 'வுல்னிகுரா' வெளியிட்டார். தன் துணையோடு வாழ்ந்த வாழ்க்கை உடைந்ததைத் தந்திக் கருவிகளுக்கும் மின்னணுத் தாளத்துக்கும் நடுவில் வைத்துச் சொன்ன ஆல்பம். 2015இல் வந்த பாப் இசையில் எனக்கு முதலிடம் அதற்குத்தான். பின்லாந்தின் இசையமைப்பாளர் காயா சாரியாஹோவின் 'ட்ரூ ஃபயர்' மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாக அரங்கேறியது. ஹெல்சிங்கி ஃபில்ஹார்மோனிக் தன் அடுத்த தலைமை நடத்துநராக சுசன்னா மால்க்கியை ஏற்கெனவே அறிவித்திருந்தது.

ஆனால் ஆண்டுவிழா என்று வரும்போது கொண்டாடப்படுவது ஆண்களே என்பது உண்மை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் சிம்பொனி எழுதவும் அதை வாசிக்க ஆர்கெஸ்ட்ரா பிடிக்கவும் யாருக்கு வழி இருந்தது? அந்த வழியை உடைத்தவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருந்தார், எல்ஃப்ரிடா ஆண்ட்ரே. 1841இல் கோட்லண்ட் தீவின் விஸ்பியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் சுவீடனில் பெண்கள் தேவாலய ஆர்கன் கலைஞராக வேலை பார்க்கச் சட்டம் இடம் தரவில்லை. அவரும் அவர் அப்பாவும் மனுமேல் மனுப் போட்டு 1861இல் சட்டத்தை மாற்ற வைத்தார்கள். 1867இல் கோத்தன்பர்க் பேராலயத்தின் ஆர்கன் கலைஞரானார். 1929இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார், அறுபது வருடத்துக்கும் மேல். அதோடு விடவில்லை. 1897லிருந்து, டிக்கெட் வாங்க வசதியில்லாத தொழிலாளர்களுக்காக மக்கள் கச்சேரிகளை நூற்றுக்கணக்கில் நடத்தினார்.

நான் ஆல்ட்டோ பாடுகிற சேர்ந்திசைக் குழுவில் அவருடைய பாட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாட வேண்டியிருக்கிறது. தானாக யாரும் எடுத்து வைப்பதில்லை. அவருடைய ஆர்கன் சிம்பொனி, பி மைனர், பதிவாகக் கிடைக்கிறது. வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதில் போடுங்கள். ஃபோனில் கேட்டால், காலால் வாசிக்கும் பெடல் சுரங்கள் ஒன்றுகூடக் காதில் விழாது. கேட்டுவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் அவரைப் பற்றி மட்டும் பேசலாம்.